ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளும் தொடக்கப்பள்ளி வகுப்பறையும்

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் ஆப்பிரிக்காவைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் பாடங்கள் பெரும்பாலும் ஒரு நாட்டுப்புறக் கதையில்தான் தொடங்குகின்றன. அனான்சி என்னும் சிலந்தியின் கதையை ஆசிரியர் படப்புத்தகத்திலிருந்து வாசிப்பார். குழந்தைகள் காகிதத்தில் சிலந்தி செய்வார்கள். முகமூடிக்கு வண்ணம் தீட்டுவார்கள். கதையின் நீதியைப் பயிற்சித்தாளில் எழுதுவார்கள். பாடம் முடிந்ததும் ஆப்பிரிக்கப் பண்பாட்டை அறிந்துகொண்டதாகக் கணக்கு. கருப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் இத்தகைய பாடங்கள் மிகுதி.

இந்த முறையில் நல்ல நோக்கம் இருக்கிறது. ஏழு, எட்டு வயதுக் குழந்தைக்கு அரசியல் வரலாற்றைவிடக் கதை எளிதில் சென்று சேரும். மறுக்க வேண்டியது கதையின் வழியே கற்பிப்பதை அல்ல. கதையிலிருந்து எதை எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதே கேள்வி. கதை எந்த மக்களுடையது, அதை அவர்கள் எப்படிச் சொன்னார்கள், கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பவற்றில்தான் பண்பாடு தங்கியிருக்கிறது. இந்த மூன்றையும் நீக்கிவிட்டு விலங்குகளையும் நீதியையும் மட்டும் கொடுத்தால் குழந்தையிடம் எஞ்சுவது பெயரற்ற ஒரு காடுதான். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற சில படப்புத்தகங்களை முன்வைத்து இக்கட்டுரை இதை ஆராய்கிறது.

கதை யாருடையது?

ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் 54 உள்ளன. மக்கள் தொகை 140 கோடிக்கு மேல். பேசப்படும் மொழிகள் ஏறத்தாழ 2000. இவ்வளவு பெரிய கண்டத்துக்கு 'ஆப்பிரிக்கக் கதை' என்று ஒரே பெயர் வைப்பது, ஐஸ்லாந்துக் கதையையும் கிரேக்கக் கதையையும் 'ஐரோப்பியக் கதை' என்று ஒரே கட்டில் கட்டுவதைப் போன்றது. ஐரோப்பாவுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

வெர்னா ஆர்டெமா எழுதி, லியோ டிலன், டயான் டிலன் இருவரும் படம் வரைந்த 'கொசு ஏன் காதருகே ரீங்காரமிடுகிறது' என்ற நூல் 1975-இல் வந்தது. படங்களுக்காக அதற்கு 1976-ஆம் ஆண்டின் கால்டெகாட் விருது கிடைத்தது. கொசு சொன்ன ஒரு பொய், ஓணான், மலைப்பாம்பு, முயல், காகம், குரங்கு என்று சங்கிலியாகப் பரவி, ஆந்தைக் குஞ்சின் சாவில் முடிகிறது. துயரத்தில் ஆந்தை கூவ மறுக்க, சூரியன் உதிக்காமல் போகிறது. ஒவ்வொரு விலங்கின் அசைவுக்கும் ஓர் ஒலிக்குறிப்பைத் தருகிறது கதை. தமிழின் 'சலசல', 'மடமட' போன்ற இரட்டைக்கிளவிகளைப் போல, ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் ஒலிக்குறிப்புச் சொற்கள் செழித்திருக்கின்றன. வாய்விட்டு வாசிக்கும்போது இந்த நூல் அந்த இன்பத்தைக் குழந்தைக்குத் தந்துவிடுகிறது. இது அதன் பெரிய பலம். ஆனால் அட்டையில் இருப்பது 'மேற்கு ஆப்பிரிக்கக் கதை' என்ற குறிப்பு மட்டுமே. மேற்கு ஆப்பிரிக்காவில் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. எந்த மொழி பேசுவோர் இதைச் சொன்னார்கள் என்று ஒரு குழந்தை கேட்டால் அட்டையை வைத்துக்கொண்டு ஆசிரியரால் பதில் சொல்ல முடியாது.

இந்தக் குறையை அறிந்து எழுதப்பட்டதுபோல் தோன்றும் நூல் மார்கரெட் மஸ்குரோவின் 'அசாந்தி முதல் சூலு வரை'. இதற்கும் டிலன் இணையரே படம் வரைந்தனர். 1977-ஆம் ஆண்டின் கால்டெகாட் விருதும் இவர்களுக்கே கிடைத்தது. ஆங்கில அகரவரிசையின் 26 எழுத்துகளுக்கு 26 மக்கள் இனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். 'ஆப்பிரிக்கர்' என்ற ஒற்றைச் சொல் இங்கே இருபத்தாறாகப் பிரிகிறது. ஒரு மக்களுக்கு ஒரு பக்கம்தான் என்பதால் அந்த ஒரு வழக்கமே அவர்களின் அடையாளமாக நின்றுவிடும் அபாயமும் இதில் உண்டு. எனினும் பெயரிடுவது முதல் மரியாதை என்ற அளவில் இந்த நூல் சரியான திசையில் செல்கிறது.

இன்னும் சிக்கலான எடுத்துக்காட்டு ஜான் ஸ்டெப்டோவின் 'முஃபாரோவின் அழகிய மகள்கள்' (1987). கோபக்காரியான மன்யாரா, அன்புள்ளம் கொண்ட நியாஷா என்ற இரு சகோதரிகளில் யார் அரசியாவது என்பது கதை. கதையின் மூலம், தென்னாப்பிரிக்காவில் ஜி.எம். தியல் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த கோசா மக்களின் கதைகளில் இருக்கிறது. அத்தொகுப்பின் தலைப்பில், குடியேற்ற ஆட்சியினர் அம்மக்களுக்கு வைத்த பெயர் காணப்படுகிறது; இன்று அது வசைச்சொல். ஸ்டெப்டோ தன் பாத்திரங்களுக்குக் கொடுத்த பெயர்களோ சோனா மொழிக்குரியவை. ஓவியங்களின் பின்னணியில் எழுவது மகா சிம்பாப்வேயின் கற்கோட்டை. கோசா மக்களின் நிலத்துக்கும் அந்தக் கோட்டைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தூரம் உண்டு.

இதைப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டெப்டோ ஆப்பிரிக்க அமெரிக்கர். ஆப்பிரிக்கா என்றால் குடிசை என்று கேட்டு வளர்ந்த கருப்பினக் குழந்தைகளுக்கு, கல்லால் நகரம் கட்டிய முன்னோர்களைக் காட்ட விரும்பினார். அந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. ஓவியங்களும் அதை நிறைவேற்றுகின்றன. ஆனால் வகுப்பறை இதை 'சிம்பாப்வே நாட்டுக் கதை' என்றோ 'ஆப்பிரிக்க சிண்ட்ரெல்லா' என்றோ அறிமுகம் செய்யும்போது கோசா மக்கள் கதையிலிருந்து முற்றிலும் மறைந்துவிடுகிறார்கள். இது ஒரு கலைஞர் இரு மக்களின் செல்வங்களை இணைத்துப் படைத்த புதிய நூல் என்று சொன்னால் போதும். குழந்தைக்கு உண்மையும் கிடைக்கும், ஸ்டெப்டோவுக்கு உரிய பெருமையும் கிடைக்கும்.

வானத்து அரசவையும் அசாந்தி அரசவையும்

இன்றைய கானாவின் அசாந்தி மக்களிடையே வழங்கும் அனான்சி கதைகளில் மிகவும் அறியப்பட்டது, கதைகள் அவனுக்குச் சொந்தமான வரலாறு. கதைகளெல்லாம் வானத்துக் கடவுளிடம் இருந்தன. அவற்றை விலைக்கு வாங்கச் சிலந்தி போகிறது. கடவுள் கேட்கும் விலையைத் தன் சூழ்ச்சியால் கொண்டுவந்து கொடுத்து, கதைகளைப் பெறுகிறது. அதனால் அவை சிலந்திக் கதைகள் என்று பெயர் பெற்றன.

இக்கதையின் புகழ்பெற்ற பதிவு ஆர்.எஸ். ராட்ரே 1930-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. ராட்ரே பிரிட்டிஷ் குடியேற்ற அரசில் பணியாற்றிய மானிடவியலாளர். துவி மொழி மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அச்சிட்டார். அந்த வடிவத்தில் கடவுள் சிலந்தியைப் பார்த்து, பெரிய ஊர்களாலேயே வாங்க முடியாததை நீ எப்படி வாங்குவாய் என்று கேட்கிறார். அவர் குறிப்பிடும் கொகோஃபு, பெக்வாய் ஆகியவை கற்பனை ஊர்கள் அல்ல. கானா வரைபடத்தில் குமாசி நகருக்கு அருகே இன்றும் இருப்பவை. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிகள், ம்மோயாட்டியா என்னும் காட்டுக் குள்ளர் ஆகியோரைச் சிலந்தி பிடித்து வருகிறது. அதற்கு வழி சொல்பவள் அதன் மனைவி அசோ. இறுதியில் கடவுள் தன் தலைவர்களைக் கூட்டி விவகாரத்தை அவர்கள் முன் வைக்கிறார். கூட்டப்படுவோர் அடோன்டென், சிடோம் முதலிய அணிகளின் தலைவர்கள். இவை அசாந்தி அரசில் முன்னணிப் படைக்கும் பின்னணிப் படைக்கும் உரிய பெயர்கள்.

ஆக, இந்தக் கதையின் வானம் ஓர் அசாந்தி அரசவை. அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், வழக்கு வைக்கப்படுகிறது, அவை ஒப்புக்கொண்ட பிறகே தீர்ப்பு வருகிறது. இவ்வளவு அரசியல் ஒழுங்கு நிறைந்த கதையை 'காட்டு விலங்குக் கதை' என்று வாசிக்கும் வகுப்பு, கையில் இருந்த பாடத்தையே தவறவிடுகிறது. பல மறுகூறல்களில் அசோவும் காணாமல் போகிறாள். அப்போது மனைவியின் அறிவுரையால் வென்றவன் தனி வீரனாகிவிடுகிறான்.

கெயில் ஹேலியின் 'ஒரு கதை, ஒரு கதை' (1970) இதே கதையின் படப்புத்தக வடிவம். 1971-ஆம் ஆண்டின் கால்டெகாட் விருது பெற்றது. இதில் மலைப்பாம்பு இல்லை. விலை மூன்றாகச் சுருங்கிவிட்டது. ஆனால் வேறெதையும்விட முக்கியமான ஒன்றை ஹேலி காப்பாற்றினார். அது கதையைத் தொடங்கும் மரபும் முடிக்கும் மரபும்.

சொல்லும் முறையே பாடம்

அசாந்தி கதைசொல்லி கதையைத் தொடங்கும்போது, தான் சொல்லப்போவது உண்மை என்று தான் கூறவில்லை என அறிவிப்பார். முடிக்கும்போது, கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும் அதில் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும் என்ற பொருளில் விடைபெறுவார். ஹேலியின் நூல் இந்த இரண்டையும் வைத்திருக்கிறது.

தொடக்க அறிவிப்பு வெறும் அலங்காரம் அல்ல. இக்கதைகள் இருட்டிய பிறகு சொல்லப்பட்டன என்றும், பகலில் கேலி செய்ய முடியாத தலைவர்களையும் பூசாரிகளையும் கதையில் கேலி செய்ய முடிந்தது என்றும் ராட்ரே பதிவு செய்கிறார். 'இது உண்மையல்ல' என்ற முன்னறிவிப்பு கதைசொல்லிக்குப் பாதுகாப்பு. அதன் நிழலில் நின்றுதான் அதிகாரத்தை நோக்கி அவர் சிரிக்கிறார். முடிவு வாசகமோ கதைக்குத் தனி உரிமையாளர் இல்லை என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களை விளக்கினாலே பேச்சுரிமை பற்றியும் பொதுச்சொத்து பற்றியும் எட்டு வயதுக் குழந்தையோடு பேசிவிடலாம். வகுப்பறையில் பெரும்பாலும் இவை வேகமாக வாசித்துக் கடக்கப்படும் வரிகள்.

கேட்பவரின் பங்கும் இதே அளவு முக்கியம். தமிழ்நாட்டில் பாட்டி கதை சொல்லும்போது குழந்தை 'உம்' கொட்டவில்லை என்றால் கதை நின்றுவிடும். அக்கான் மக்களிடையே இந்தப் பங்கு இன்னும் விரிவானது. கேட்பவர்களில் ஒருவர் கதையை இடைமறித்துப் பாட்டு எடுப்பார். கூட்டம் சேர்ந்து பாடும். பிறகு கதை தொடரும். இந்த இடைப்பாட்டுக்கு 'ம்போகுவோ' என்று பெயர். கானா நாடக ஆசிரியர் ஈஃபுவா சதர்லாந்து (1924–1996) இதையே தன் நாடக வடிவத்துக்கு அடித்தளமாக்கினார். 'அனான்சேவாவின் திருமணம்' என்ற அவரது நாடகம் 1975-இல் நூலாக வந்தது. ஏகும்ஃபி அத்வியா என்ற ஊரில் 'கொட்ஜிடான்', அதாவது கதை வீடு, என்ற அரங்கு 1960-களில் எழுவதற்கும் அவரே காரணமாக இருந்தார். குழந்தைகளுக்கென்று தனி நாடகங்களும் எழுதினார். கதையை நூலுக்குள் வைத்தால் பாதி இறந்துவிடும் என்பதை உணர்ந்து, அதற்கு அரங்கம் தேடியவர் அவர்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் முதல் நாவல் (1958) தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் எக்வெஃபி என்ற தாய் தன் மகள் எசின்மாவுக்கு ஆமையும் பறவைகளும் பற்றிய கதையைச் சொல்லும் இடம் உண்டு. கதை முடிந்ததும் சிறுமி, இந்தக் கதையில் பாட்டு இல்லையே என்கிறாள். தாய் அதை ஒப்புக்கொண்டு, பாட்டுள்ள கதை ஒன்றைப் பிறகு யோசித்துச் சொல்வதாகவும் இப்போது மகளின் முறை என்றும் சொல்கிறாள். இக்போ சமூகத்தில் குழந்தை கதையை வாங்கிக்கொள்பவள் மட்டுமல்ல. கதையின் இலக்கணம் தெரிந்தவள், குறை சொல்பவள், தன் முறை வரும்போது சொல்பவள். இன்றைய வகுப்பறையில் சம்மணமிட்டு அமைதியாகக் கேட்கும் குழந்தைக்கு எசின்மாவின் இடம் கிடைப்பதில்லை.

'கதையின் நீதி என்ன?'

பயிற்சித்தாளின் கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஆப்பிரிக்கக் கதைகள் பலவற்றுக்கு இது பொருந்தாத கேள்வி.

அனான்சி பேராசைக்காரன், ஏமாற்றுக்காரன், சில கதைகளில் ஏமாறுபவனும் கூட. அவன் வெல்லும்போது 'ஏமாற்றினால் வெல்லலாம்' என்று எழுதுவதா? அதைத் தவிர்க்க 'புத்தி பலத்தை வெல்லும்' என்று எழுதச் சொல்கிறார்கள். இரண்டும் கதையைச் சிறிதாக்குகின்றன. அவனை அப்படியே பின்பற்றச் சொல்லிக் கதை யாரையும் அழைக்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரிப்பதும், தன்னை அவனில் கண்டு வெட்கப்படுவதும் சேர்ந்தே நிகழ்கின்றன.

ஜெரால்ட் மெக்டெர்மட்டின் 'சிலந்தி அனான்சி' (1972) இங்கே நல்ல சான்று. 1973-இல் கால்டெகாட் சிறப்பு நூலாகத் தேர்வான இந்தப் புத்தகம், தன் தலைப்பிலேயே இது அசாந்தி கதை என்று சொல்லிவிடுகிறது. அனான்சிக்கு ஆறு மகன்கள். ஆபத்தை அறிபவன், வழி அமைப்பவன், ஆற்றைக் குடிப்பவன், இரையின் தோலை உரிப்பவன், கல்லெறிபவன், மெத்தையாகத் தாங்குபவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு திறமை. மீன் விழுங்கிய தந்தையை ஆறு பேரும் சேர்ந்து மீட்கிறார்கள். பிறகு காட்டில் ஓர் ஒளிப்பந்து கிடைக்கிறது. அதை எந்த மகனுக்குக் கொடுப்பது? தந்தையால் முடிவு செய்ய இயலவில்லை. வாதம் ஓயாததால் நியாமே கடவுள் அதை வானில் வைத்துவிடுகிறார். அதுவே நிலா.

இதன் அடியில் இருப்பது 'தீர்ப்புக் கதை' என்று சொல்லத்தக்க வகை. வில்லியம் பாஸ்கம் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஆப்பிரிக்காவின் இத்தகைய கதைகளை 1975-இல் தனி நூலாகத் தொகுத்தார். கதை ஒரு கேள்வியில் நிற்கும். கேட்டவர்கள் இரவெல்லாம் வாதிடுவார்கள். நமக்குத் தெரிந்த விக்கிரமாதித்தன் கதைகளிலும் வேதாளம் இப்படித்தான் கேட்கிறது. ஆனால் அங்கே பதில் சொல்ல விக்கிரமாதித்தன் இருக்கிறான். இங்கே பதில் சொல்லும் கடமை கூட்டத்துடையது. நியாயத்தை எடைபோடவும், எதிர்வாதத்தைப் பொறுமையோடு கேட்கவும், பொது அவையில் பேசவும் சிறுவர்கள் பழகும் இடம் அது.

எழுத்துக்கு வரும்போது இந்தத் திறந்த முடிவு மூடப்படுவதும் உண்டு. ஹெரால்ட் கூர்லாண்டர், ஜார்ஜ் ஹெர்சாக் இருவரும் 1947-இல் வெளியிட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கதைத் தொகுப்பின் தலைப்புக் கதை, காட்டில் இறந்த வேட்டைக்காரனை மகன்கள் உயிர்ப்பிப்பது பற்றியது. எலும்பைச் சேர்த்தவன், தசை கொடுத்தவன், மூச்சு கொடுத்தவன் என்று பலர் இருக்க, பசு வால் சாமரம் யாருக்கு என்பது கேள்வி. 'அப்பா எங்கே?' என்று முதலில் கேட்ட கடைசிக் குழந்தைக்கே தந்தை அதைக் கொடுக்கிறார். மறக்கப்படும் வரை மனிதன் இறப்பதில்லை என்ற அழகிய கருத்து அதில் உள்ளது. ஆனால் விடையை முதலிலேயே வாசித்துவிட்டால் வகுப்பில் வாதம் எழாது. ஆசிரியர் அந்தக் கடைசிப் பக்கத்துக்கு முன் நூலை மூடிவிட்டு, 'நீங்கள் யாருக்குக் கொடுப்பீர்கள்?' என்று கேட்பது கதையின் இயல்புக்கு நெருக்கமான கற்பித்தலாகும்.

கடல் கடந்த சிலந்தி

அனான்சி கதை கானாவோடு நிற்கவில்லை. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட மக்களோடு அது ஜமைக்கா, சுரிநாம், குராசோ முதலிய இடங்களுக்குச் சென்றது. பொருள் எதையும் எடுத்துச் செல்ல முடியாதவர்கள் கதையை எடுத்துச் சென்றார்கள். ஜமைக்காவில் கவிஞர் லூயிஸ் பென்னெட் அங்குள்ள மக்கள் மொழியிலேயே இக்கதைகளை எழுதியும் மேடையில் சொல்லியும் பரப்பினார். ஜமைக்காக் கதைசொல்லி கதையின் முடிவில் சொல்லும் மரபு வாசகமும், கதைக்குத் தான் பொறுப்பல்ல என்று விலகிக்கொள்வதாகவே விளக்கப்படுகிறது. அசாந்தி கதைசொல்லி தொடக்கத்தில் செய்யும் விலகலோடு இதை ஒப்பிடலாம்.

எசமானனின் சவுக்குக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்கு, சிறிய சிலந்தி சிறுத்தையைக் கட்டிப்போடும் கதை வேறு பொருள் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க வகுப்பறையில் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அனான்சியைக் கற்பிப்பது, கதை எப்படி அந்தக் கண்டத்துக்கு வந்தது என்பதையே மறைப்பதாகும். வகுப்பில் இருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைக்கு அது தன் முன்னோரின் பயணத்தை மறைப்பதும் ஆகும்.

பழங்கதை மட்டும் போதுமா?

அச்சிபி குழந்தைகளுக்காக எழுதத் தொடங்கியதற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு. லாகோசில் மழலையர் பள்ளிக்குச் சென்ற அவரது சிறு மகள், தன் நிறத்தைப் பற்றிக் கவலைக்கிடமான எண்ணங்களோடு வீடு திரும்பினாள். குழந்தை படித்த வெளிநாட்டுக் கதைப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த அச்சிபி, அவற்றில் ஆப்பிரிக்கர்கள் இழிவாகக் காட்டப்பட்டிருப்பதைக் கண்டார். 1966-இல் வெளிவந்த 'சிக்கேயும் ஆறும்' என்ற அவரது சிறுவர் நூலில் பேசும் விலங்குகள் இல்லை. ஒனிட்ஷா நகரில் வாழும் ஒரு சிறுவன், நைஜர் ஆற்றைப் படகில் கடக்கக் காசு சேர்க்கப் பாடுபடுகிறான். சந்தை, பள்ளிக்கூடம், திருடர்கள், நண்பர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. குழந்தைக் கதைகள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு அச்சிபியின் வீட்டு அனுபவம் போதுமான சான்று.

நாட்டுப்புறக் கதை மட்டுமே கற்பிக்கப்படும் வகுப்பில் ஆப்பிரிக்கா எப்போதும் 'முன்னொரு காலத்தில்' இருக்கிறது. பேருந்தில் ஏறும், தேர்வுக்குப் படிக்கும், கால்பந்து ஆடும் ஆப்பிரிக்கக் குழந்தையை அந்த வகுப்பு சந்திப்பதே இல்லை. நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா அடிச்சி 2009-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், அமெரிக்காவில் தன் அறைத்தோழி தனக்கு அடுப்பைப் பயன்படுத்தத் தெரியாது என்று நினைத்ததைக் குறிப்பிட்டார். ஒரே வகைக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் உருவாகும் எண்ணம் அது. அந்த ஒரே வகைக் கதை அன்போடும் அழகிய படங்களோடும் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம்.

மொழி பற்றிய கேள்வியும் இங்கே எழுகிறது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 1986-இல் வெளியிட்ட தன் கட்டுரை நூலில், மாலையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து கிகுயு மொழியில் முயல் கதையும் கழுதைப்புலிக் கதையும் கேட்ட நாட்களை நினைவுகூர்கிறார். பிறகு பள்ளியில் கிகுயு பேசிய குழந்தைகள் அடிக்கப்பட்டதையும், அவமானப்படுத்தும் வாசகம் எழுதிய தகடு அவர்கள் கழுத்தில் மாட்டப்பட்டதையும் சொல்கிறார். கதை வாழ்ந்த மொழியைப் பள்ளி தண்டித்தது. இன்று அதே கதைகளை ஆங்கிலத்தில் 'பண்பாட்டுப் பாடம்' என்று பள்ளிகள் கற்பிக்கின்றன. குழந்தைகளுக்கான தன் 'ஞம்பா நேனே' கதைகளைக் கூகி கிகுயுவிலேயே எழுதியது இதற்கு அவர் தந்த பதில்.

இன்று நல்ல வாய்ப்புகள் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் சைடே நிறுவனம் 2014-இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' இணையதளத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளில் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் பதிவிறக்கலாம், மொழிபெயர்க்கலாம். பழங்கதைகளோடு, ஆண்கள் மட்டும் ஆடும் கால்பந்து அணியில் இடம் கேட்கும் அந்திஸ்வா என்ற சிறுமியின் கதையும் அங்கே உண்டு. இந்தியாவில் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் இத்திட்டத்தின் கதைகள் இடம்பெற்றுள்ளன. கானாத் தொலைக்காட்சியில் கிரேஸ் ஓமாபோ, சிறுவர்கள் சூழ அமர்ந்து நடத்திய கதை நிகழ்ச்சியும் நினைவில் கொள்ளத்தக்கது. மரபு தொலைக்காட்சிக்குள்ளும் புகுந்து வாழும் என்பதற்கு அது சான்று.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், பெரிய செலவில்லாமல் ஆசிரியர் செய்யக்கூடிய சில மாற்றங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, கதையைத் தொடங்கும் முன் மக்களின் பெயரையும் நாட்டையும் கரும்பலகையில் எழுதி, வரைபடத்தில் இடத்தைக் காட்டுவது. நூலில் அந்த விவரம் இல்லையென்றால் இல்லை என்பதையே குழந்தைகளிடம் சொல்வது. ஏன் இல்லை என்று கேட்கப் பழகும் குழந்தை நல்ல வாசகராக வளரும்.

இரண்டாவது, கதையை வாசிப்பதோடு நிறுத்தாமல் சொல்வது. தொடக்க மரபையும் முடிவு மரபையும் குழந்தைகளே சொல்லட்டும். கதையின் நடுவே யாராவது பாட்டு எடுக்கட்டும். சத்தம் கூடும், அது கட்டுப்பாடின்மை அல்ல, கதையின் ஒரு பகுதி.

மூன்றாவது, 'நீதி என்ன' என்பதற்குப் பதிலாக 'யார் செய்தது நியாயம்' என்று கேட்பது. வகுப்பு இரண்டு மூன்று அணிகளாகப் பிரிந்து வாதிடலாம். ஒரே விடை வராமல் பாடம் முடிந்தாலும் குறையில்லை.

நான்காவது, ஒவ்வொரு பழங்கதையோடும் அதே நாட்டின் இன்றைய குழந்தை ஒருவரைப் பற்றிய கதையையும் சேர்த்து வாசிப்பது. அனான்சி கதையைப் படித்த வாரத்திலேயே குமாசி நகரத்துச் சாலைகளின் படத்தையும் குழந்தைகள் பார்க்கட்டும்.

முடிவு

நாட்டுப்புறக் கதையைச் சுவரில் மாட்டும் முகமூடியைப் போல நடத்தினால் அது அழகாக இருக்கும், ஆனால் பேசாது. பேசும் கதைக்கு ஊர் இருக்கும், மொழி இருக்கும், இடைமறிக்கும் கூட்டம் இருக்கும். மேலே பார்த்த படப்புத்தகங்கள் எல்லாம் ஏதாவது ஒரு வகையில் இவற்றில் சிலவற்றைக் காப்பாற்றின, சிலவற்றை இழந்தன. எதை இழந்தன என்று தெரிந்த ஆசிரியர் அதை வகுப்பில் மீட்டுக்கொடுக்க முடியும். தெரியாத ஆசிரியரின் வகுப்பிலிருந்து குழந்தை எடுத்துச் செல்வது, தான் ஒருநாள் சந்திக்கப்போகும் கோடிக்கணக்கான மனிதர்களைப் பற்றிய தவறான முதல் எண்ணத்தை. அதை மாற்றுவதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஆகலாம். எசின்மா சுட்டிக்காட்டியதுபோல, கதையில் பாட்டு இல்லையே என்று கேட்கக்கூடிய குழந்தைகளை உருவாக்கும் வகுப்பே ஆப்பிரிக்கக் கதைகளை உண்மையில் கற்பித்த வகுப்பாகும்.